எங்கள் வீட்டுக்குக் கிடைத்த சான்றிதழ்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடையிலுள்ள ஒரு சிற்றூரில் நாங்கள் குடியிருக்கிறோம். வீட்டில் தமிழ், கடைவீதியில் தமிழும் மலையாளமும், அங்கன்வாடியில் மலையாளம் என்றுதான் இங்கே பிள்ளைகள் வளர்கிறார்கள். மகளுக்கு மூன்று வயது நிறைந்த சமயத்தில், ஒரு தன்னார்வ அமைப்பு நடத்தும் வீட்டுவழிக் கற்றல் திட்டத்தில் சேர்ந்தோம். அதன் நிறைவு விழா சென்ற மாதம் நடந்தது. வரும் ஜூனில் சேரவிருக்கும் தாய்மார் பலர் விசாரிப்பதால், நடந்ததை முறையாக எழுதிவைக்க விரும்புகிறேன்.

வாரத்துக்கு ஒருமுறை எங்கள் பகுதியைச் சேர்ந்த ஓர் அக்கா வீட்டுக்கு வருவார். அவர் குழந்தைக்குப் பாடம் நடத்துவதில்லை என்பதை முதலிலேயே புரிந்துகொள்வது நல்லது. அவர் குழந்தையாக நடிப்பார். நான் அம்மாவாக இருந்து அந்த வாரத்துக் கதையையும் விளையாட்டையும் அவரிடம் செய்து காட்ட வேண்டும். பிறகு இருவரும் இடம் மாறிக்கொள்வோம். அவர் சென்றபின், நாள்தோறும் கால் மணி நேரம் நான் மகளோடு அதைச் செய்ய வேண்டும். 1969-இல் ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் தொடங்கிப் பின்னர் பல நாடுகளுக்குப் பரவிய, பள்ளி வயதை எட்டாத பிள்ளைகளின் பெற்றோருக்கு வீட்டிலேயே வழிகாட்டும் 'ஹிப்பி' (HIPPY) திட்டமும் இந்த நடிப்பு முறையையே கையாள்கிறது என்று அறிமுகக் கூட்டத்தில் விளக்கினார்கள்.

என் கணவரின் மனத்தை மாற்றியது அந்தக் கூட்டத்தில் கேட்ட இன்னொரு செய்தி. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில், 1980-களில், ஊட்டக்குறைவால் வளர்ச்சி குன்றியிருந்த குழந்தைகளின் வீடுகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் என இரண்டு ஆண்டுகள் சென்று, பிள்ளைகளோடு எப்படிப் பேசுவது, விளையாடுவது என்று தாய்மாருக்குக் காட்டிக்கொடுத்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் அந்தப் பிள்ளைகளைத் தேடிப் பார்த்தபோது, அத்தகைய உதவி கிடைக்காத அதே நிலைப் பிள்ளைகளைவிட அவர்களுடைய வருமானம் ஏறத்தாழ 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. தேங்காய் லோடு ஏற்றிவிட்டு இரவில் வீடு திரும்பும் அவர், அன்றிலிருந்து படுக்கும்முன் கதை சொல்வதைத் தம் பொறுப்பாக ஏற்றுக்கொண்டார்.

அத்தையைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினமாக இருந்தது. "விஜயதசமிக்கு அரிசியில் எழுத வைத்தோம், இன்னும் 'அ' கூட வரவில்லை, இவர்கள் கொட்டாங்குச்சியை அடுக்கி விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்" என்று அவர் வருத்தப்பட்டது நியாயமானதே. படிப்பு என்றால் எழுத்து என்றுதான் எங்கள் தலைமுறைக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. அக்கா அவரோடு வாதாடவில்லை. அடுத்த வாரம் வந்தபோது, திண்ணையில் அத்தை உரித்துக்கொண்டிருந்த நிலக்கடலைக் குவியலின் அருகில் உட்கார்ந்து, அதையே பாடமாக்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். ஒற்றைப் பருப்புக் காய் ஒரு முறத்தில், இரட்டைப் பருப்புக் காய் இன்னொன்றில், மூன்று பருப்புக் காய் தனியே. காயின் மேல் விரலை ஓட்டி, மேடுகளை எண்ணி, எந்த முறத்தில் போடுவது என்று மகள் தானே முடிவு செய்தாள். ஒரு காயைக் காதருகே ஆட்டிப் பார்த்து, "இதுல ஒண்ணு செத்துப்போச்சு ஆத்தா" என்று சொல்லி அத்தையிடம் நீட்டினாள். பிரித்துப் பார்த்தால், ஒரு பருப்பு உண்மையாகவே சூம்பிப்போயிருந்தது. அன்றைக்குப் பிறகு அக்கா வரும் நாளை எனக்கு நினைவூட்டியவர் அத்தைதான். ஒன்று சொல்ல வேண்டும்: சிறு பிள்ளைகளுக்கு முழு நிலக்கடலைப் பருப்பு மூச்சுக்குழலில் சிக்கிவிடும் ஆபத்து உண்டு. அதனால் உரிக்காத காயை மட்டுமே கையில் கொடுத்தோம், பெரியவர் ஒருவர் எப்போதும் அருகிலிருந்தோம்.

படப் புத்தகங்கள் மலையாளத்தில் வந்தன. எழுத்தை வாசிக்க வேண்டாம், படத்தைப் பார்த்து வீட்டில் பேசும் தமிழிலேயே சொல்லுங்கள் என்பது அக்காவின் யோசனை. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், இயன்ற இடங்களில் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை வீட்டு மொழியில் கற்பிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. அங்கன்வாடியில் மலையாளம் தானாகவே வந்து சேர்ந்தது; வீட்டில் கதை கேட்டுப் பழகியதால் அங்கே டீச்சர் சொல்லும் கதைக்கும் அவள் காது கொடுக்கிறாள்.

அறுவடைக் காலத்தில் பல வீடுகள் தடுமாறின. கூலி வேலையை விட்டுவிட்டுப் பகலில் வீட்டில் காத்திருக்க யாராலும் இயலாது. சந்திப்பை மாலைக்கு மாற்றியதால் நாங்கள் தப்பித்தோம். சில குடும்பங்கள் அந்த மாதங்களில் நின்றுவிட்டன.

விழாவைத் திட்டமிட்ட தாய்மாரில் நானும் ஒருத்தி. கேரளத்தில் பிள்ளைகள் பள்ளியில் சேரும் நாளைப் பிரவேசனோத்சவம் என்று தோரணம் கட்டிக் கொண்டாடுகிறோம்; அதற்குமுன் வீடு செய்த வேலைக்கு ஒரு நாள் கிடையாது என்பது எனக்கு நெடுநாள் குறை. நன்றாகச் செய்த குழந்தைக்குப் பரிசு தரலாம் என்று ஒரு யோசனை வந்தபோது நாங்கள் உறுதியாக மறுத்தோம். நான்கு வயதுப் பிள்ளைகளை வரிசைப்படுத்தும் மேடையாக அது ஆகியிருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன். மாறாக, ஒவ்வொரு குடும்பமும் முழுதாக மேடையேறி, தங்கள் வீட்டில் பிள்ளைக்கு மிகவும் பிடித்த விளையாட்டு ஒன்றைச் செய்து காட்டியது. சான்றிதழில் குழந்தையின் பெயரோடு, கற்பித்த எல்லாருடைய பெயரும் இருந்தது. எங்கள் வீட்டுச் சான்றிதழில் முதல் பெயர் அத்தையுடையது. அதை வாங்க அவர் பட்டுச்சேலை உடுத்தி வந்தார். நாள்கூலிக்குப் போகும் தந்தையர் வரமுடிய வேண்டும் என்பதற்காகவே ஞாயிறு மாலையில் வைத்தோம். பாலடைப் பாயசம் அண்டை வீட்டாரின் பொறுப்பு.

இடையில் நின்ற குடும்பங்களையும் அழைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். முடித்தவர்களை மட்டும் கூப்பிட்டால் மற்றவர்கள் அடுத்த முறை கதவைத் திறக்கவே கூசுவார்கள். அழைத்தவர்களில் பெரும்பாலோர் வந்தார்கள். எங்கள் தெருவில் அறுவடையின்போது நிறுத்திய ஒரு தாய், விழா முடிந்ததும் அக்காவிடம் பேசி, விட்ட வாரத்திலிருந்தே தொடர ஏற்பாடு செய்துகொண்டார். எங்கள் புத்தகங்களும் அட்டைகளும் இப்போது அவர் வீட்டில் இருக்கின்றன. செவ்வாய் மாலைகளில் நடிப்புப் பயிற்சிக்கு நான் துணையாகப் போகிறேன்.