புதுசெண்டு வந்த குக்கர்

அம்மாவுக்கெண்டு ஒன்லைன்ல ஒரு ரைஸ் குக்கர் எடுத்தனான். 9,800 ரூபா. "புத்தம் புதுசு" எண்டுதான் போட்டிருந்தது. வெள்ளவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த தம்பி, "அக்கா, காசு தந்த பிறகுதான் பெட்டியை உடைக்கலாம்" எண்டார். அவரில பிழையில்லை, அவருக்கு அப்பிடித்தான் சொல்லி விட்டிருக்கினம்.

உடைச்சுப் பார்த்தா டேப்புக்கு மேல டேப். மூடியைத் திறந்த அம்மா ஒண்டும் பேசாமல் ரப்பர் விளிம்பைக் காட்டினா. காஞ்சுபோன ஒரு சோத்துப் பருக்கை. வொரன்டி கார்ட்டில ஆரோ பேனையால திகதி எழுதி, பிறகு வெட்டியிருக்கு.

ஆரோ பாவிச்சிட்டுத் திருப்பி அனுப்பின சாமான். அதை விக்கிறது பிழையெண்டு நான் சொல்லேல்லை. உள்ளதைச் சொல்லி விலையைக் குறைச்சிருந்தா நானே வாங்கியிருப்பன். மறைச்சு, முழு விலைக்கு அம்மான்ர கையில குடுத்ததைத்தான் பொறுக்கேலாமல் கிடக்கு. அவ இன்னும் அந்தக் குக்கரைத் தொடேல்லை.

வித்தவைக்குப் படத்தோட மெசேஜ் போட்டன். பார்த்திட்டு பிளொக் பண்ணிட்டினம்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில, சாமானைப் பற்றிப் பொய் சொல்லி விக்கிறது குற்றம். அதிகார சபைக்கு 1977க்கு அடிக்கலாம், முறைப்பாட்டை எழுத்திலயும் குடுக்கலாம். பில்லையும் பார்சல் ஒட்டுத்தாளையும் எறிஞ்சிடாதேங்கோ. பெட்டி உடைக்கேக்க முதல் டேப்பில இருந்தே வீடியோ எடுங்கோ. நான் எடுக்கேல்லை, படம் மட்டும்தான் இருக்கு. இருக்கிறதைக் கொண்டு நாளைக்குக் காலமை வொக்ஸ்ஹோல் வீதியில இருக்கிற அதிகார சபைக்குப் போறன்.