மூன்றாம் நாள் தலையணை

தை மாசம். உப்பூர் பக்கம் எங்கள் மிளகாய் வயலில் இலைப்பேன் விழுந்து இலையெல்லாம் சுருண்டுவிட்டது. அப்பா மருந்து அடிக்கப் போனார். கடல் காற்று எதிரே அடித்திருக்கிறது. முதுகில் மாட்டிய டேங்க் மூடியில் வேறு கசிவு. நனைந்த சட்டையோடு வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடித்துவிட்டு மிச்சத்தையும் அடித்து முடித்தார்.

மதியம் வந்தவருக்கு வேர்வை ஊற்றியது. வாந்தி, வாயோரம் எச்சில். "வெயில்தான்டா, மோர் குடு" என்றார். வழியில் ஒரு கிளினிக்கில் வயிற்றுக்கோளாறு என்று குளுக்கோஸ் ஏற்றி ஒரு மணி நேரத்தைத் தின்றார்கள். அதற்குள் கண்மணி கடுகாகச் சுருங்கிவிட்டது. கெண்டைக்கால் சதை, தோலுக்கடியில் புழு ஓடுவது போலத் தானாகத் துடித்தது.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி, "மருந்தக் குடிச்சாரா?" அம்மாவுக்கு அழுகை ஒருபக்கம், ஆத்திரம் ஒருபக்கம். குடிக்கவே வேண்டாம், இந்த மருந்து தோல் வழியாகவே ஏறும். சட்டையைக் கழற்றி சோப்புப் போட்டுக் கழுவியது அங்கேதான். நாங்கள் வீட்டிலேயே செய்திருக்க வேண்டும்.

டாக்டர் சொன்னதை நான் கண்மாய்க் கணக்கில் புரிந்துகொண்டேன். நரம்பு ஒரு மடை. திறந்தால் அசிட்டைல்கோலின் என்ற, சதைக்குச் சேதி சொல்லும் ரசாயனம் பாயும், சதை சுருங்கும். பாய்ந்ததை உடனே வடிக்க ஒரு நொதி இருக்கிறது. பூச்சிமருந்து அந்த நொதியின் கையைக் கட்டிப்போடுகிறது. தண்ணீர் வடியாமல் நிற்கிறது. சதை முதலில் துடிக்கிறது, அப்புறம் துவண்டுவிடுகிறது. போரில் வீசும் நரம்பு நஞ்சும் செய்வது இதையேதான். 1936-இல் ஜெர்மனியில் ஷ்ராடர் என்ற வேதியியலாளர் பூச்சிமருந்து தேடப் போய்த்தான் தபூன் என்ற நரம்பு நஞ்சு கையில் வந்ததாம். இதை ஐசியூ வாசலில் போனில் படித்தபோது எங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கும் டப்பா ஞாபகம் வந்தது.

அட்ரோபின் என்ற முறிவு மருந்து ஊசியில் போகப் போக எச்சிலும் வேர்வையும் நின்றன. நெஞ்சுச் சளி வற்றியது. ராத்திரி அப்பா போர்வையில் இல்லாத மிளகாயைப் பறித்துக்கொண்டிருந்தார். ஊமத்தங்காய் தின்றவர் மாதிரி. ஊமத்தையில் இருப்பதும் இந்த வகைச் சரக்குதான் என்றார் நர்ஸக்கா, அளவைக் குறைத்தார்கள். இரண்டாம் நாள் தெளிந்துவிட்டார். "நல்லாத்தானே இருக்காரு, கூட்டிட்டுப் போறோம்" என்று சண்டைக்கே நின்றோம்.

"ஐயா, தலைய மட்டும் தூக்குங்க" என்று மணிக்கொரு தரம் கேட்பார் அந்த அக்கா. எனக்கு எரிச்சலாக வரும். மூன்றாம் நாள் விடிகாலை அப்பாவால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. பேச்சு தெளிவாக இருக்கிறது, கழுத்து மட்டும் வரவில்லை. அட்ரோபின் நீரைத்தான் வற்றவைக்கும், சதைக்கு அதனால் பயனில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. கழுத்துக்கு அப்புறம் மூச்சுச் சதை. அரை மணியில் வென்டிலேட்டர். கூட்டிக்கொண்டு போயிருந்தால் பஸ்ஸிலேயே முடிந்திருக்கும்.

குழாயை எடுத்த அன்று ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார்கள். மூட்டை எண்ணிப் பழகிய மனிதர், 7-இல் நின்றுவிட்டார். வீட்டுக்கு அனுப்பிய அன்று 22.

நொதி முழுசாக ஊற வாரக்கணக்காகும், அதுவரை மருந்துப் பக்கமே போகக் கூடாது என்றார்கள். மிச்ச வயலுக்கு நான்தான் அடித்தேன். காற்று எழும்புமுன், முழுக்கைச் சட்டையோடு. வரப்பில் ஒரு குடம் தண்ணீரும் சோப்பும் மாற்றுச் சட்டையும். அப்பா தூரத்தில் நின்று, "மூடியப் பாத்தியாடா?" என்று மூன்று தடவை கேட்டார்.