ரேடார் திரையில் வெறுமையாகத் தெரியும் இடம்

விமானி அறையில் இருக்கும் வானிலை ரேடார் மேகத்தைக் காட்டுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது காட்டுவது மழைத்துளியை. நனைந்த ஆலங்கட்டி பளிச்சென்று தெரியும். உலர்ந்த ஆலங்கட்டியும் பனித்துகளும் மங்கல்தான். தெளிந்த வானில் வரும் குலுக்கலோ தெரியவே தெரியாது.

இன்னும் மோசமான சிக்கல் ஒன்று உண்டு. விமானத்தின் மூக்குக்குள் சின்ன ஆன்டெனாதான் வைக்க முடியும், அதனால் ரேடார் அனுப்பும் ரேடியோ அலையின் நீளம் சுமார் 3 செ.மீ.தான். கனமழை இந்த அலையை விழுங்கிவிடும். முன்னால் பெருமழை நின்றால், அதற்குப் பின்னால் என்ன இருந்தாலும் திரையில் காலியாக, ஏதோ வழி இருப்பது போலத் தெரியும். 10 செ.மீ. அலைநீளத்தில் இயங்கும் தரை ரேடார்களுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு.

1977 ஏப்ரல் 4, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம். அட்லாண்டா நோக்கிப் போன சதர்ன் ஏர்வேஸ் 242 என்ற பயணிகள் விமானம் கடும் இடிமழைக்குள் நுழைந்தது. மழையும் ஆலங்கட்டியும் புகுந்து இரண்டு இன்ஜின்களும் செயலிழந்தன. நியூ ஹோப் என்ற ஊரில் நெடுஞ்சாலையிலேயே இறக்கிப் பார்த்தார்கள். தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 72 பேர் இறந்தனர்.

புயலைக் கடக்க கேப்டன் விமான ரேடாரை நம்பியதை விசாரணை அறிக்கை ஒரு காரணமாகச் சொன்னது. சரி, ஆனால் விமானியை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புயல் பற்றிய புதிய தகவல் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்பதும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது.