பழைய நோட்டேஷன் தாளை மறுபடி ஆடிப் பார்ப்பது எப்படி

பழைய செஸ் டோர்னமென்ட் ஆட்டத்தின் மூவ்களை எழுதிய தாள் கையில் கிடைத்ததும் பலர் அதை நேரே இன்ஜினில், அதாவது ஆட்டத்தை அலசும் மென்பொருளில், போடுகிறார்கள். முதலில் தாளைச் சரிபாருங்கள். அமெச்சூர் ஆட்டங்களில் பிழையே இல்லாத தாள் அபூர்வம். பிழையோடு அலசினால், யாரும் ஆடாத ஓர் ஆட்டத்தைத்தான் அலசிக்கொண்டிருப்போம்.

தாள் மிகப் பழையதென்றால் 'பி-கே4', 'என்-கேபி3' என்று டிஸ்கிரிப்டிவ் முறையில் இருக்கும்; நகரும் காய், அது போகும் நெடுவரிசையில் தொடக்கத்தில் நின்ற காய், கட்டத்தின் எண் என்று எழுதுவது அது. 1981இல் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே அந்த முறையைக் கைவிட்டது. பழகிய கைகள் அதற்குப் பிறகும் அப்படியே எழுதின. இதில் ஒவ்வொருவரும் கட்டங்களைத் தன் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள். வெள்ளை எழுதும் என்-கேபி3 என்றால், இன்றைய அல்ஜீப்ரிக் முறையில் (நெடுவரிசைக்கு ஏ முதல் ஹெச் வரை எழுத்து, கிடைவரிசைக்கு 1 முதல் 8 வரை எண்) குதிரை எஃப்3க்குப் போகிறது. கறுப்பு அதையே எழுதினால் எஃப்6. கறுப்பின் எண்ணை 9இலிருந்து கழித்தால் போதும், எழுத்து மாறாது.

அல்ஜீப்ரிக் தாளில் இதைப் போலவே தெரியும் வேறொரு பிழை உண்டு. கறுப்புக் காய் வைத்து ஆடும் புதியவர் போர்டைத் தலைகீழாக எண்ணி, எஃப்6ஐ சி3 என்று எழுதிவிடுவார். இங்கே எழுத்து, எண் இரண்டுமே திரும்பும்: ஏ-ஹெச், பி-ஜி, சி-எஃப், டி-இ.

அதிகம் குழப்புவது வேறு. பி1, எஃப்3 இரண்டிலும் குதிரை நிற்க, தாளில் வெறுமனே 'குதிரை டி2' என்றிருக்கும். தவறான குதிரையை நகர்த்தினாலும் உடனே எதுவும் தெரியாது. பத்து மூவ் கழித்துத்தான் 'இந்த மூவ் செல்லாது' என்று மென்பொருள் மறுக்கும். யானைகளிலும் இதே கதை. மென்பொருள் மறுக்கும் இடத்தில் பிழையைத் தேடாதீர்கள். பின்னோக்கிப் போய், ஒரே கட்டத்துக்கு இரண்டு காய்கள் வரக்கூடிய கடைசி மூவைப் பிடியுங்கள். அங்கும் சரியாக இருந்தால், ஒரு மூவ் எழுதாமல் விடுபட்டு, தாளில் வெள்ளைக்கும் கறுப்புக்குமான இரண்டு பத்திகளும் நகர்ந்திருக்கலாம்.

தாளின் கடைசிப் பகுதியில் இடைவெளி இருப்பதற்குக் காரணம் விதியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு மூவுக்கும் 30 விநாடியோ அதற்கு மேலோ கடிகாரத்தில் சேர்க்கப்படாத ஆட்டத்தில், கடிகாரத்தில் ஐந்து நிமிடத்துக்குக் குறைந்தால் எழுத வேண்டிய கட்டாயமில்லை. டைம் ட்ரபிளில், அதாவது நேரம் தீரப்போகும் நெருக்கடியில், பலர் மூவுக்குப் பதில் ஒரு கோடு போடுவார்கள். அந்தக் கோடுகளை எண்ணுங்கள். இறுதி நிலை தெரிந்தால் அதிலிருந்து பின்னோக்கிக் காய் வெட்டுகளை அடுக்குங்கள். எதிராளியின் தாள் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலும் ஆட்டம் புரண்டது அந்த எழுதாத இடத்தில்தான், அதனால் இந்தப் பாடு வீணாகாது.

இன்ஜின் இதற்குப் பிறகுதான். ஒவ்வொரு நிலைக்கும் சிறந்த மூன்று வரிகளை (தொடர் மூவ்களை) காட்டும்படி வையுங்கள். மூன்றின் மதிப்புகளுக்கும் இடையே வித்தியாசம் 0.3 சிப்பாய்க்குள் இருந்தால் அந்த மூவைக் கடந்து போகலாம். முதல் வரி சமம் என்றும் இரண்டாவது தோல்வி என்றும் காட்டினால் அங்கே நில்லுங்கள். அந்த நிலையில் காப்பாற்றும் மூவ் ஒரே ஒன்றுதான் இருந்திருக்கிறது. ஓரத்தில் கடிகார நேரம் குறித்திருந்தால் அதோடு ஒப்பிடுங்கள். அந்த மூவைத் தவறவிட்டு வேறொன்றை அரை நிமிடத்தில் ஆடியிருந்தால், கணக்கில் தவறு நேர்ந்ததில்லை, ஆபத்தே கண்ணில் படவில்லை.

போர்டில் ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்களோ அதற்குக் குறைவோ மிஞ்சினால், முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த முடிவாட்டத் தரவுத்தளமான டேபிள்பேஸ் முடிந்த முடிவைச் சொல்லும். தாளில் ட்ரா கேட்டதற்கான '=' குறி இருந்தால் அந்த நிலையையும் அதில் பாருங்கள்.

யானை முடிவாட்டத்தில் அடிக்கடி அகப்படுவது, ஒரு சிப்பாய் குறைந்த பக்கம் ட்ரா காக்கும் ஃபிலிடோர் நிலை. வெள்ளைக்கு ராஜா டி5, சிப்பாய் இ5, யானை ஹெச்7; கறுப்புக்கு ராஜா இ8, யானை ஏ6. சிப்பாய் இ6க்கு ஏறும்வரை கறுப்பு யானை ஆறாம் வரிசையை விடக்கூடாது. ஏறிய பிறகு ஏ1க்கு இறங்கிப் பின்னாலிருந்து செக் கொடுத்தால், வெள்ளை ராஜாவுக்கு ஒளிய இடமில்லை. அமெச்சூர்கள் அவசரப்பட்டு முன்னதாகவே இறக்கிவிடுவார்கள். உடனே வெள்ளை ராஜா இ6இல் நின்று, ஹெச்8இல் மேட் என்று மிரட்டும். அப்போதும் ராஜாவை எஃப்8க்கு நகர்த்தினால் ட்ரா உண்டு.