உருமிக்குப் பின்னால் போகும் இயந்திரம்

2025 ஜனவரி 12, ஞாயிறு. செந்தூல், கோலாலம்பூர்.

மத்தியானம் இரண்டு மணிக்கு, புது ஆல்பத்துக்கு வாசிக்க, கிட்டாரை ஃபஸ் பெடலில் (ஒலியைக் கரகரப்பாக்கும் பெட்டி) செருகினேன். நேற்று ராத்திரி உறுமிய அதே பெடல், இன்று தொண்டை கட்டியவன் மாதிரி முனகியது. பேட்டரி, வயர் எல்லாம் சரி. கோளாறு சூட்டில். உள்ளே இருப்பது ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர். சூடு ஏறினால் அதில் மின்கசிவு கூடும், சத்தம் தேய்ந்துவிடும். இந்தக் கடைவீட்டு மாடியில் மத்தியானம் உட்காரவே முடியாது, பெடல் என்ன செய்யும்? ஏர்கோன் காற்று நேராகப் படும் இடத்தில் அரை மணி நேரம் வைத்தேன். குரல் திரும்பியது. சிலிக்கானில் இந்தத் தொல்லை குறைவுதான். ஆனால் கம்பியை மெல்லத் தொட்டால் மெல்லக் கரகரக்கும் அந்த நயம் எனக்கு வேண்டும். இனி கிட்டார் ஒலிப்பதிவு ராத்திரியில் மட்டும்.

ஜனவரி 19

ஆம்ப்பின் (கிட்டார் ஒலிபெருக்கி) இரைச்சலோடு இரண்டு வாரமாகச் சண்டை. கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் ஒற்றைச் சுருள் (சிங்கிள் காயில்) வகை, அதன்மேல் ஃபஸ்; இரைச்சல் வராமல் இருக்குமா. இன்று சண்டையை விட்டுவிட்டு ட்யூனரை எடுத்து அதை அளந்தேன். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், இரைச்சலும் அதே. கீழ் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். அதாவது, ஒரு சுரஸ்தான இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு மேலே நிற்கிறது இரைச்சல். சரி, நாம் அதனிடம் போவோம் என்று கிட்டார், பேஸ், சிந்தசைசர் மூன்றையும் 35 சென்ட் (சுரஸ்தான இடைவெளியின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏற்றினேன். அவ்வளவுதான், அறையில் ஒரு தம்புரா வந்து உட்கார்ந்துவிட்டது! இந்த ஆல்பத்துக்குச் சுருதி கிடைத்தாயிற்று.

ஜனவரி 26

“பாடுறது யாரு?” என்று மச்சான் மறுபடி கேட்டான். யாரும் இல்லை. இங்கிலாந்தின் ஓஸ்ரிக் டென்டகிள்ஸ் 1983இலிருந்து கனத்த கிட்டாரையும் சிந்தசைசரையும் பின்னி, பாட்டில்லாமலே வாசித்து வந்தவர்கள். 1993இல் அவர்களுடைய ஓர் ஆல்பம் பிரிட்டிஷ் பட்டியலில் 11ஆம் இடம்வரை போனது. அதற்கும் முன்னால், 1982இல், பம்பாயில் சரண்ஜித் சிங் ரோலண்டின் டிபி-303 என்ற பேஸ் சிந்தசைசர் பெட்டியை வைத்துப் பத்து ராகங்களை வாசித்தார். அந்தப் பெட்டியில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகலாம், நம் கர்நாடக இசையின் ஜாரு மாதிரி. ஃபில்டர் குமிழைத் திருப்பினால் ‘வ்யாவ்’ என்று வாய் திறக்கும். என்னிடம் இருப்பது அதன் நகல். அதைக் கேட்கக் கேட்க எனக்கு உருமி மேளத்தின் ஞாபகம்தான் வருகிறது.

பிப்ரவரி 2

உருமி வாசிக்கும் தம்பி வந்தான். ஒரு முகத்தில் அடி, மறு முகத்தில் வளைந்த குச்சியால் உரசல். உரசும்போது தோலில் குச்சி சிக்கி, விட்டு, சிக்கி, விட்டு நகர்கிறது. அந்த நடுக்கம்தான் அடிவயிற்றிலிருந்து வரும் அந்த ஓசை. 303 நகலோடு சேர்ந்தபோது எது எது என்றே பிரிக்க முடியவில்லை.

ஆனால் தாளம் சேரவில்லை. நிமிடத்துக்கு 112 தட்டு என்று இயந்திரத்தில் வைத்திருந்தேன். ஏழாவது நிமிடத்தில் தம்பி எங்கேயோ, இயந்திரம் எங்கேயோ.

“அண்ணே, இந்த டிக் டிக் காதுல கேட்டா கையக் கட்டிப் போட்ட மாதிரி இருக்குண்ணே.”

பிப்ரவரி 12

நேற்று தைப்பூசம். பத்துமலையில் படிக்குக் கீழே ஒரு காவடியோடு வந்த மேளத்தையே கவனித்துக்கொண்டு நின்றேன். உருமிக்காரர் கண் காவடிக்காரரின் காலில் இருந்தது. கால் துள்ளத் துள்ள அடி நெருங்கியது. அவருக்கு அருள் வந்து ஆடியபோது, முதலில் இருந்த நடையைவிட வேகம் எவ்வளவோ கூடியிருந்தது. ஆனாலும் எந்த இடத்தில் கூடியது என்று பிடிக்க முடியவில்லை. அன்று ஒலிப்பதிவில் தம்பி பிசகவே இல்லை. நான்தான் அவனைக் கட்டிப் போட்டிருந்தேன்.

பிப்ரவரி 23

டிக் டிக் இல்லாமல் தம்பி தனியாக வாசித்தான். பதினோரு நிமிடம், ஒரே டேக். 112இல் தொடங்கி 138இல் முடித்திருக்கிறான். அப்புறம் இரண்டு ராத்திரி உட்கார்ந்து 1,300க்கு மேற்பட்ட தட்டுகளைக் கணினியில் ஒவ்வொன்றாகக் குறித்தேன். இப்போது சிந்தசைசரை ஓட்டும் சீக்வென்சர் உருமிக்குப் பின்னால் போகிறது.

நினைத்தே பார்க்காத ஒன்றும் நடந்தது. தட்டுக்கு ஒன்றாக விழும் கிட்டாரின் எதிரொலி 536 மில்லி விநாடியில் தொடங்கி 435க்குச் சுருங்குகிறது. பழைய டேப் எக்கோ (நாடாவில் பதிந்து திரும்ப ஒலிப்பது) பாணி என்பதால், இடைவெளி சட்டென்று சுருங்கும் இடங்களில் எதிரொலியின் சுருதி லேசாக ஏறுகிறது. கிட்டார் அதே சுரத்தில் நிற்க, அதன் நிழல் மட்டும் அங்கங்கே மேலே நழுவுகிறது. ஒன்பதாவது நிமிடத்தில் எனக்குத் தலை சுற்றியது. மச்சான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

மார்ச் 9

கலவை முடிந்தது. உருமி நின்ற பிறகு எல்லாம் ஒவ்வொன்றாக அடங்கி, அந்த 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் மட்டும் இருபது விநாடி இருக்கிறது. “வெட்டிடலாமா?” என்றான் மச்சான். வேண்டாம் என்றேன். இன்னொரு தடவை போட்டுக் கேட்டோம். அன்றைக்கு நான் எழுந்து போய் ஆம்ப்பை அணைத்த ‘டக்’ சத்தமும் பதிவாகியிருக்கிறது. அதோடு முடிகிறது.