ராமேஸ்வரத்தில் ஒரு நாளைக் குறைத்தேன், செட்டிநாட்டில் இரண்டு ராத்திரி தங்கினேன்

போன டிசம்பரில் ராமேஸ்வரத்தில் நான்கு நாள் இருப்பதாகத்தான் திட்டம். விடுமுறைக் கூட்டம். தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடியும் அரிச்சல்முனைக்குப் போகும் சாலையில் வேன்கள் வரிசைகட்டி நின்றன. இரண்டு பக்கமும் கடல், நடுவில் குறுகலாய் ஒரு மணல் திட்டு. அது எத்தனை வண்டியைத்தான் தாங்கும்? நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பது உறுத்தியது. சரி, ஒரு நாள் முன்பே கிளம்பிவிடலாம் என்று புதிய பாம்பன் பாலத்தின் மேல் ரயிலில் வந்து, செட்டிநாட்டுக் காரைக்குடியில் இறங்கினேன்.

பக்கத்து ஊரான கானாடுகாத்தானில் தங்கும் விடுதியாக மாற்றிய ஒரு பழைய வீட்டில் அறை எடுத்தேன். முகப்பு, முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாம் கட்டு என்று வாசலில் நின்றால் பின்கட்டு வரை ஒரே நேர்பார்வை. பர்மா தேக்குத் தூண்கள். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. நான்கு பக்க ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் விழ, சமையல்கார ஆச்சி அண்டாக்களை எடுத்து வைத்தார். நிரம்பி வழிந்தது வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகுமாம். வறண்ட சீமையில் இப்படி யோசித்து வீடு கட்டியிருக்கிறார்கள். பூம்புகார்க் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு வந்தவர்கள் என்பது இந்த வீடுகளைக் கட்டிய வணிகச் சமூகமான நகரத்தார் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. கடலோரத்திலிருந்து நான் வந்த வழியும் அதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

மழை விட்டதும் ஆத்தங்குடி. ஒரு கொட்டகையில் ஒருவர் தரையில் பதிக்கும் பூக்கல் போடுவதை முக்கால் மணி நேரம் பார்த்தேன். சட்டத்துக்குள் கண்ணாடி, அதன்மேல் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சாயக் கலவையைக் கரண்டியால் ஊற்றுகிறார். அச்சைத் தூக்குகிறார், நிறங்கள் ஒன்றோடொன்று கலப்பதே இல்லை! மேலே உலர்ந்த மணலும் சிமென்ட்டும் தூவி, அப்புறம் ஈரக் கலவையைப் போட்டு வழிக்கிறார். சூளையே கிடையாது. தண்ணீரில் ஊறவைத்து, உலரவைத்தால் போதும். கண்ணாடி விட்டுப்போகும் பளபளப்புதான் அந்தக் கல்லின் பளபளப்பு.

“பஸ்ஸுல வர்றவங்க போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்க தம்பி. தங்குறவங்கதான் நிதானமா உக்காந்து பார்ப்பாங்க, ரெண்டு கல்லு வாங்குவாங்க” என்றார் அவர்.

அவர் சொன்னதை நானே பார்த்தேன். காலை பதினொரு மணிக்கு வந்த சுற்றுலாப் பேருந்து சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கெல்லாம் போய்விட்டது. தெருவில் மிஞ்சியவை தண்ணீர் பாட்டில்கள். கடற்கரைக் கூட்டத்தை அப்படியே இங்கே திருப்பிவிடுவதால் ஒரு பயனும் இல்லை. ஆட்கள் குறைவாக வந்தாலும் ராத்திரி தங்க வேண்டும். அப்போதுதான் ஆச்சிக்கு வேலை, கல் போடுகிறவருக்கு விற்பனை, கொட்டான் என்னும் ஓலைக்கூடை பின்னும் பெண்களுக்கு நாலு காசு. முக்கியமாக, வீட்டை இடிக்காமல் வைத்திருக்க உரிமையாளருக்கு ஒரு காரணம். 2014-லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்ற ஊர்கள் இவை. ஆனால் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் பிரித்தெடுத்த நிலைகளும் கதவுகளும் சுவரோடு சாய்ந்து நிற்கின்றன. ஒரு கதவில் கஜலட்சுமி. விலை கேட்கவே மனம் வரவில்லை.

கிளம்பும் காலையில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும். ஆச்சி ஒரு கொட்டானில் சீப்புச்சீடை கட்டிக் கொடுத்தார்.

“பொங்கல் கழிச்சு நாட்டரசன்கோட்டையில செவ்வாய்ப் பொங்கல். அம்மாவையும் கூட்டிட்டு வாங்க தம்பி.”

அந்த வீட்டிலேயே மறுபடி இரண்டு ராத்திரிக்கு முன்பணம் கட்டிவிட்டுத்தான் பேருந்து ஏறினேன்.