கோ டாங் தீவில் மூன்று பேர்

மே 11, 2025

மகன் வீட்டுக்கு வந்து மூன்று வாரம். இன்று வாஷிங்டனுக்கு அழைத்துப் போனான். வியட்நாம் போர் நினைவுச் சுவர் பார்த்தோம். கறுப்புக் கல், குனிந்தால் நம் முகமே தெரிகிறது. போரில் இறந்த, காணாமல்போன அமெரிக்க வீரர்களின் பெயர்கள், 58,000-க்கு மேல், தேதி வாரியாக. வரிசை நடுவில் தொடங்கிக் கிழக்கே போய், அப்புறம் மேற்குக் கோடியிலிருந்து நடுவுக்கே திரும்பி வந்து முடிகிறது. அதனால் முதல் கல்லும் கடைசிக் கல்லும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

கடைசிப் பெயர்கள் தரையை ஒட்டி இருக்கின்றன. முட்டி போட்டுத்தான் படித்தேன். ஜோசப் ஹார்க்ரோவ், கேரி ஹால், டேனி மார்ஷல். மஞ்சள் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் காகிதமும் பென்சிலும் கொடுத்தார். ஹார்க்ரோவ் பெயர் மேல் காகிதத்தை வைத்துத் தேய்த்தேன். சாம்பல் நிறத்துக்குள்ளிருந்து எழுத்துகள் வெள்ளையாக எழும்பி வந்தன. “இந்த மூன்று பேரும் வீடு வந்து சேரவே இல்லை” என்றார்.

மே 12

இரவெல்லாம் படித்தேன். சரியாக 50 வருடம் முன்பு, 1975-ல் இதே நாள், ‘மாயாகுவெஸ்’ என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலைக் கம்போடியக் கடலில், அப்போது அந்நாட்டை ஆண்ட கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் படையினர் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்கா ஆதரித்த தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் விழுந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அதிபர் ஃபோர்டு கப்பலையும் மாலுமிகளையும் மீட்கப் படை அனுப்பினார். தாய்லாந்தில் ஆட்களைக் கூட்டும்போதே ஒரு ஹெலிகாப்டர் விழுந்து 23 பேர் இறந்துபோனார்கள். சண்டை தொடங்கும் முன்பே.

மே 15

ஹார்க்ரோவுக்கு இன்று பிறந்தநாள். 1975 மே 15 அன்று அவனுக்கு 24 வயது நிறைந்தது. என் மகனைவிடச் சின்னவன், அதனால் ‘அவன்’ என்றே எழுத வருகிறது. அன்று விடியற்காலையில்தான் மாலுமிகளை மீட்க மரைன்களை, அதாவது கடலிலிருந்து தரையிறங்கிச் சண்டையிடும் அமெரிக்க வீரர்களை, கோ டாங் என்ற கம்போடியத் தீவில் இறக்கினார்கள். எதிரிகள் சொற்பப் பேர்தான் இருப்பார்கள் என்று நம்பிப் போனார்கள். அங்கே இருந்ததோ, அந்தத் தீவுகளுக்கு உரிமை கேட்ட வியட்நாமுக்கு எதிராகப் பதுங்குகுழி வெட்டித் தயாராக இருந்த படை. ஹெலிகாப்டர்கள் கடலில் விழுந்தன.

மாலுமிகள் அந்தத் தீவிலேயே இல்லை. வேறொரு தீவில் இருந்தவர்களைக் கெமர் ரூஜே ஒரு மீன்பிடிப் படகில் அனுப்பிவிட்டது. காலை பத்து மணிவாக்கில் அவர்கள் பத்திரம். கரையில் சண்டை இருட்டும்வரை நடந்தது. இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். சுமார் 40 பேரை மீட்கப் போய், விபத்தில் போனவர்களையும் சேர்த்து 41 பேர் போய்விட்டார்கள்.

மே 16

முப்பது வருடம் வாத்தியாரம்மாவாக இருந்தவள் நான். சுற்றுலா போனால் பஸ் கிளம்பும் முன் மூன்று தடவை தலை எண்ணுவேன். ஒரு தடவை ஒரு தலை குறைந்தது. உள்ளங்கை சில்லிட்டுப் போனது. பையன் குழாயடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

ஹார்க்ரோவ், ஹால், மார்ஷல் மூவரும் ஒரே மெஷின்கன் குழு. அரண் வரிசையின் ஒரு ஓரத்தைக் காத்து நின்றார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் கடைசி ஹெலிகாப்டர் கிளம்பியது. ஏறினவர்கள் வெவ்வேறு கப்பல்களில் இறங்கினார்கள். எண்ணிச் சேர்த்தபோதுதான் மூன்று பேர் குறைவு. மறுநாள் காலை ஒரு போர்க்கப்பல் கரையோரமாகப் போய் ஒலிபெருக்கியில் கூப்பிட்டுப் பார்த்தது. பதில் இல்லை. திரும்ப ஆள் இறக்கவும் இல்லை. இருட்டு, குண்டு மழை, எனக்கும் புரிகிறது. ஆனாலும் அந்த மூன்று பேர் ஹெலிகாப்டர் சத்தம் தேய்ந்து போவதைக் கேட்டிருப்பார்களே.

மே 18

அடுத்த வருடமே மூவரும் இறந்ததாக அறிவித்துவிட்டார்கள். பல வருடம் கழித்து, விசாரிக்க வந்த அமெரிக்கர்களிடம் தீவின் கெமர் ரூஜ் தளபதி எம் சோன் பேசினார். மூவரையும் பிடித்துக் கொன்றதாகச் சொன்னார். காலில் காயம்பட்ட ஒருவனைத் தீவிலேயே சுட்டார்களாம், மற்ற இருவரைத் தீவிலிருந்து கம்போடிய நிலப்பகுதிக்குக் கொண்டுபோனார்களாம். தீவில் தோண்டினார்கள், கடலடியிலும் தேடினார்கள். நொறுங்கிய ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் பலரது எலும்புகள் கிடைத்து வீடு சேர்ந்தன.

காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் எழுத்து மங்கலாக இருக்கிறது, அழுத்தித் தேய்க்கவில்லை போல. சனிக்கிழமை மறுபடி கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறேன். அன்று ஒருவன் பெயரை மட்டும் எடுத்து வந்துவிட்டேன். மற்ற இருவர் பெயரையும் எடுக்கவேண்டும்.